மயில்துத்தம் கலந்த வீடுகள்

அந்த வீட்டின் உயரம் ஒன்பது தீக்குச்சி. அண்ணி அப்படித்தான் அளப்பாள். ஸ்கேல், டேப் எதுவும் அவளுக்குக் கிடையாது. ஓர் ஆளின் உயரம் ஒரு தீக்குச்சி, வாசற்கதவு ஒன்றேகால் தீக்குச்சி, ஒரு படி என்பது குச்சியின் மருந்துத் தலை அளவு. அந்தக் கணக்கில் ஒன்பது ஆள் உயரத்துக்கு நின்றது அது. கல்யாணப் பத்திரிகை அட்டைகளை அரைவட்டமாக நறுக்கி, மீன் செதிள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய கூரை. பச்சை ஜன்னல் இரண்டு, நீல வாசற்கதவு, கதவுக்கு முன்னால் மூன்று படி. கூரையின் ஓரத்தில் நெட்டுக்குத்தாக ஒரு புகைபோக்கி, அதன் வாயில் புகைக்குப் பதிலாக ஒரு பூச்செடி. மாடி இருக்க வேண்டிய இடத்தில் மாடி இல்லை. இரண்டு பக்கமும் இறக்கை வைத்த ஒரு படகு அங்கே கிளம்பத் தயாராக நின்றது. பார்க்கிற யாரும் வாயைப் பிளந்திருப்பார்கள். நானோ ஜன்னலையும் படியையும் எண்ணிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்கும் பச்சை ஜன்னல் இரண்டு, நீலக் கதவு, மூன்று படி. எங்கள் வீட்டு மாடியில் இருந்தது என் அறை.

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணமா, வேலையால் வந்ததா என்று தெரியாது. இரண்டும் சேர்ந்துதான் இருக்க வேண்டும். திருவொற்றியூரைத் தாண்டி ஒரு கன்டெய்னர் யார்டில் பதினெட்டு வருடமாக டாக்குமென்ட் கிளார்க்காக இருக்கிறேன். காகிதத்தில் ஒன்று எழுதியிருக்கும், பெட்டிக்குள் வேறொன்று இருக்கும். இரண்டும் ஒன்றுதானா என்று பார்ப்பது என் பிழைப்பு. பிளாஸ்டிக் பொம்மை என்று எழுதியிருந்தால் பொம்மையின் வயிற்றுக்குள் என்ன என்று எனக்குத் தோன்றும். பெட்டியின் சீல் உடைந்திருந்தால் எல்லோரும் சந்தேகப்படுவார்கள். உடையாமல் புத்தம் புதிதாக இருந்தால் நான் சந்தேகப்படுவேன். யார்டில் இதற்காக எனக்கு மரியாதை உண்டு. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கண்ணைக் கழற்றி வைக்க எனக்குத் தெரியவில்லை. பால்காரர் சிரித்தால் இன்றைக்குத் தண்ணீர் அதிகம் என்பேன். அண்ணன் சீக்கிரம் வந்தால் ஏன் சீக்கிரம், தாமதமாக வந்தால் ஏன் தாமதம். "உன்ன கட்டிக்கப் போறவன் பாவம்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். பெண் பார்க்க வந்த மூன்று பேரையும் நான் விசாரித்த விசாரணையில் அந்தப் பாவம் யாருக்கும் நேராமல் போயிற்று.

ராயபுரத்தில் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. கீழே கூடம், சமையலறை, பின்னால் ஒரு சின்ன அறை. மேலே சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை. அப்பா ஹார்பரில் உழைத்துக் கட்டியது. அம்மாவும் போன பிறகு அண்ணனுக்கும் எனக்கும் பொதுவாக நின்றது. கல்யாணமாகாத முப்பத்தைந்து வயதுக்காரிக்கு அந்த மேல் அறையைத் தவிர இந்த உலகத்தில் வேறு இடம் இல்லை. யாராவது அதைக் கேட்டுவிடுவார்களோ என்ற பயம் அண்ணன் கல்யாணப் பேச்சை எடுத்த நாளே எனக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அண்ணன் கிரேன் ஓட்டுகிறவன். எண்ணூர்ப் பக்கம் வேலைக்குப் போன இடத்தில் பார்த்துப் பழகி, நெட்டுக்குப்பத்து மீன்பிடிக் குடும்பத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். கல்யாணத்துக்காக அவள் எங்கள் கோயிலில் ஞானஸ்நானம் வாங்கினாள். என்னைவிட மூன்று வயது சின்னவள், முறையில் பெரியவள். அண்ணன் என்னைக் கூப்பிடுவதைக் கேட்டு அவளும் முதல் நாளிலிருந்தே "பாப்பா" என்றுதான் கூப்பிட்டாள். இவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறாளே, என்ன காரணம் என்று அப்போதே யோசித்தேன்.

அவள் வந்த முதல் டிசம்பரில்தான் அந்தக் கைத்திறன் வெளியே தெரிந்தது. எங்கள் பக்கத்தில் கிறிஸ்துமஸ் வந்தால் வீட்டுக்கு வீடு குடில் வைப்போம். பழுப்புக் காகிதத்தைக் கசக்கி மலை, மரத்தூளில் பாதை, அட்டையில் நாலு வீடு, நடுவில் மாட்டுத் தொழுவம். மற்ற வீடுகளில் அந்த அட்டை வீடுகள் நாலு சுவரும் ஒரு கூரையுமாக இருக்கும். அண்ணி செய்தது வேறு. பெத்லகேமின் பின்னால் ஒரு கலங்கரை விளக்கம் நின்றது, அதன் ஒவ்வொரு மாடியிலும் ஒரு குடித்தனம். ஒவ்வொரு ஜன்னலுக்கும் வேறு நிறத்துக் கண்ணாடித் தாள். பங்குச் சாமியார் வந்து குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். தெருவே வந்து போனது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து குடிலைக் கலைத்த பிறகும் அண்ணி நிறுத்தவில்லை. பிப்ரவரியில் செய்தாள். ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் செய்தாள். எங்கள் தெருவில் டிசம்பரில் காகித வீடு கட்டினால் அது பக்தி. மார்ச்சில் கட்டினால் அதற்கு என்ன பெயர்? "டிசம்பர் வந்துடுச்சா அண்ணி?" என்று ஒரு நாள் கேட்டேன். சிரித்தாள். அடுத்த நாளிலிருந்து பின்னறைக் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு செய்ய ஆரம்பித்தாள். சாத்திய கதவு என்றால் எனக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அவள் மீன் வாங்கப் போகும் நேரம் பார்த்து அந்த அறைக்குள் போய்ப் பார்ப்பேன். மை தீர்ந்த ரீஃபில்லால் அட்டையில் கோடு இழுத்து மடிப்பு எடுத்திருப்பாள், ஒரு மடிப்பும் பிசிறியிருக்காது. சைக்கிள் கம்பியில் செய்தித்தாளை இறுக்கிச் சுற்றி உருவி எடுத்த குழல்கள் தூணாகவும் ஏணியாகவும் நிற்கும். டீ டிகாக்ஷனைப் பூசிச் சுவருக்கு வயதேற்றியிருப்பாள். கிரேன் கொக்கியில் தொங்கும் ஒரு வீடு. நத்தை முதுகில் மூன்றடுக்கு வீடு. கிளிஞ்சலைத் திறந்தால் உள்ளே கூடமும் ஊஞ்சலும். எதையும் நான் ரசிக்கவில்லை, ஆராய்ந்தேன். ஜன்னல் வழியாக டார்ச் அடித்து உள்ளே பார்த்ததில் ஒன்று தெரிந்தது: ஒரு வீட்டிலும் சமையலறை இல்லை. நாள் முழுக்க அடுப்படியில் நிற்கிற ஒருத்தி வேறு எப்படிக் கட்டுவாள் என்று இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு எனக்குப் புரிந்தது வேறு. இது விளையாட்டு இல்லை, இவள் மனசுக்குள் இந்த வீட்டை இடித்து வேறு மாதிரி கட்டிக்கொண்டிருக்கிறாள். யார்டில் கற்ற புத்தி, அவள் அலமாரிக் கதவு இடுக்கில் ஒரு நூலை வைத்துவிட்டு வந்தேன். மாலையில் நூல் கீழே கிடந்தது. தன் அலமாரியைத் தானே திறந்திருக்கிறாள். அதுவும் எனக்குக் குற்றமாகத்தான் பட்டது.

அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் அந்த ஒன்பது தீக்குச்சி வீட்டைப் பார்த்தேன். அலமாரியின் மேல்தட்டில், பழைய புடவை ஒன்றைப் போர்த்தி வைத்திருந்தது. புடவையை விலக்கியதும் பச்சை ஜன்னல், நீலக் கதவு, மூன்று படி. நிமிர்ந்து பார்த்தால் என் அறை இல்லை. நான் பத்து நிமிடம் அங்கேயே நின்றிருப்பேன். என்னை எடுத்துவிட்டு அந்த இடத்தில் படகை வைத்திருக்கிறாள், இறக்கையோடு. பறந்து போ என்று அர்த்தமா? அன்று மாலை அவள் கொடுத்த காபியில் ஏதோ ஒரு செப்புப் பாத்திரத்து ருசி இருந்ததாக எனக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு எனக்கு வயிற்று வலி. சாப்பிட்ட அரை மணியில் பிசையத் தொடங்கும். மூன்று வாரம் அப்படி இருந்தது. அந்த நாட்களில் அண்ணியின் விரல் நுனியில் நீலக் கறை பார்த்தேன். சோப்புப் போட்டாலும் முழுக்கப் போகாத நீலம். ஒரு வியாழக்கிழமை, அவள் கடைக்குப் போயிருந்தபோது, ஸ்டூல் போட்டு ஏறி சமையலறைப் பரண் வரைக்கும் துழாவினேன். அங்கே, பழைய இட்லிப் பானைக்குப் பின்னால், வாய் கட்டிய துணிப்பைக்குள் இரண்டு பொருள். ஒன்று, உள்பக்கம் நீலம் படிந்த சின்ன அலுமினியச் சட்டி. இன்னொன்று, காலி ஜாம் பாட்டில் ஒன்றில் பாதி அளவுக்குக் கல்கண்டு மாதிரியான கட்டிகள். ஆனால் மயில் கழுத்து நீலம். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டுக் கடைசியில் அது நிஜமாக முன்னால் வந்து நிற்கும்போது மனிதருக்கு ஒரு சந்தோஷமும் வரும். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது.

இரண்டு கட்டியைக் காகிதத்தில் மடித்து மறுநாள் யார்டுக்கு எடுத்துப் போனேன். எங்கள் டாலி கிளார்க்கிடம் காட்டினேன். இறங்குகிற சரக்கை எண்ணிக் குறிக்கிற வேலை அவருக்கு, தண்டையார்பேட்டைக்காரர், கைபடாத சரக்கு இல்லை. பார்த்த மாத்திரத்தில், "மயில்துத்தம்மா இது, காப்பர் சல்பேட்டு" என்றார்.

"வெஷமா சார்?"

"வெஷம்தான். வாயில கீயில வெச்சிராத" என்று சொல்லிவிட்டு, வெளியே லாரிக்காரன் கூப்பிட எழுந்து போய்விட்டார். ஒரு பெட்டிக்குப் பத்துக் கேள்வி கேட்கிற நான் அன்றைக்கு ஒரே கேள்வியோடு நின்றுவிட்டேன். எனக்குத் தேவைப்பட்ட பதில் கிடைத்துவிட்டது. அன்று இரவும் மறுநாளும் என் தட்டிலிருந்த சோற்றை வழித்துத் தெருப் பூனைக்குப் போட்டேன். தின்றுவிட்டு அது நீட்டிப் படுத்தது. போய்ச் சேர்ந்துவிட்டது என்றே நினைத்து மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து எழுந்து சோம்பல் முறித்துவிட்டு மீண்டும் எங்கள் வாசலுக்கு வந்து கத்தியது. பூனைக்கு இந்த அளவு போதவில்லை போலும் என்று எடுத்துக்கொண்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு வெளிச்சத்தில் இருந்ததும் பேயாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மூவரும் உட்கார்ந்தோம். கோழிக் குழம்பு. அண்ணி எனக்குத்தான் முதலில் பரிமாறினாள், ஈரல் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தாள். நான் தட்டைத் தள்ளிவிட்டு, மடியில் வைத்திருந்த பாட்டிலை எடுத்து நடுவில் வைத்தேன். "அண்ணா, இது இன்னான்னு உன் பொண்டாட்டியக் கேளு. மூணு வாரமா எனக்கு ஏன் வயிறு வலிக்குதுன்னும் கேளு" என்றேன். குரல் நடுங்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். நடுங்கவில்லை. யார்டில் ஒரு பெட்டியை நிறுத்தி வைக்கச் சொல்கிற அதே குரலில்தான் வந்தது.

அண்ணன் பாட்டிலைப் பார்த்தான். பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்தான். ஒரு கணம்தான், அதற்கு மேல் இல்லை. அண்ணி அந்தக் கணத்தைப் பார்த்துவிட்டாள். எழுந்து, பரணிலிருந்து அந்தச் சட்டியை இறக்கினாள். இரண்டு கரண்டி மைதா, தண்ணீர், பாட்டிலிலிருந்து ஒரு சிட்டிகை. அடுப்பில் வைத்துக் கட்டி தட்டாமல் கிளறினாள். வெளிறிய நீலத்தில் பசை கொதித்துத் திரண்டது. பாதி முடிந்திருந்த ஒரு காகித வீட்டைக் கொண்டுவந்து, எங்கள் சோற்றுத் தட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்து, கூரையில் ஐந்து செதிள்களை வரிசையாக ஒட்டினாள். அவசரப்படவே இல்லை. ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்திவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"வெறும் மைதால ஒட்டுனா கரப்பானும் எலியும் துன்னுட்டுப் பூடும். இது போட்டா கிட்ட வராது. யாரும் தெரியாம எடுத்துறக் கூடாதுன்னுதான் அவ்ளோ மேல வெச்சேன். சட்டியும் தனியா வெச்சேன்" என்றாள். அழவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து அண்ணன் முன்னால் நின்றாள். "பாப்பா கேட்டுச்சு, சர்தான். அது அப்பிடித்தான், எல்லாத்தையும் கேக்கும். நீ ஏன்யா என் மூஞ்சியப் பாத்த?"

அண்ணன் தட்டிலிருந்த சோற்றையே பிசைந்துகொண்டிருந்தான். ஒரு பையில் நாலு துணியை வைத்துக்கொண்டு அவள் கிளம்பினாள். கூடவே புடவை போர்த்தியிருந்த அந்த ஒன்பது தீக்குச்சி வீட்டையும் எடுத்துக்கொண்டு போனாள். மற்றதெல்லாம் பின்னறையிலேயே கிடந்தது.

திங்கட்கிழமை டாலி கிளார்க்கிடம் போனேன். மயில்துத்தத்தைப் பசையில் போடுவார்களா என்று கேட்டேன். "இன்னாம்மா இப்பிடிக் கேக்குற? எங்கப்பாரு போஸ்டர் ஒட்டுனவரு. பக்கெட் பக்கெட்டா பசை காச்சுவாரு, துத்தம் போடாம காச்சவே மாட்டாரு" என்றார். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கோபமாகக் கேட்டேன். "வெஷமான்னு கேட்ட, வெஷம்னேன். எதுக்குன்னு நீ கேக்கலியே" என்றார். அண்ணி போய் ஒரு வாரம் நானே சமைத்தேன். வயிற்று வலி இருந்தபடியே இருந்தது. யார்டு வாசல் டீக்கடையில் ஒரு நாளைக்கு ஏழு டீ குடிப்பதை நிறுத்திய பிறகுதான் போனது.

அண்ணன் இரண்டு முறை நெட்டுக்குப்பம் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பினான். என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். அவன் தட்டும் என் தட்டும் எதிரெதிரே இருக்கும், நடுவில் ஒரு வார்த்தை இருக்காது. என் மேல் அறை இருந்தது, அதைக் கேட்க யாரும் இல்லை. இதைத்தானே விரும்பினாய் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை எண்ணூர் பஸ் ஏறினேன்.

கழிமுகத்தின் அந்தப் பக்கம் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள் வரிசையாகத் தெரிந்தன. வலை காயப்போட்டிருந்த மணலைத் தாண்டி, அதுவரை நான் வந்தே இராத அந்த வீட்டைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தேன். உண்மையில் கேட்டிருக்கவே வேண்டாம். பச்சை ஜன்னல் இரண்டு. நீலக் கதவு. மூன்று படி. மாடி இல்லாத ஓட்டுக் கூரை, அதன் பின்னால் வானம் வரைக்கும் ஒரு புகைபோக்கி. வாசலில் கவிழ்த்துப் போட்ட ஒரு பழைய படகு, அடிப்பலகை பெயர்ந்து, இனிக் கடலுக்குப் போகாதது. நான் அங்கேயே நின்றுவிட்டேன். அவள் கட்டியது என் வீடே இல்லை. அவள் பிறந்த வீட்டைக் கட்டியிருக்கிறாள். புகைபோக்கியில் செடி வைத்து, தன் அப்பாவின் ஓடாத படகுக்கு இறக்கை கொடுத்துக் கூரைமேல் ஏற்றியிருக்கிறாள். நான் அதில் எங்கேயும் இல்லை, இருக்கவும் காரணம் இல்லை. உலகத்தில் யார் எதைச் செய்தாலும் அது என்னைப் பற்றித்தான் என்று நினைக்கிறவளுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

அண்ணியின் அம்மா மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வாம்மா. என் பொண்ணு வெஷம் வெக்கிறவன்னு குப்பம் பூரா தெரிஞ்சிபோச்சு. இப்ப இன்னாத்துக்கு வந்துகீற? இன்னும் ஏதாச்சும் பாட்டிலு கெடச்சிதா?" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டு, தப்புப் பண்ணிட்டேன், கூட்டிட்டுப் போக வந்தேன் என்றேன். சொல்லும்போது அழுதேன். அந்த அழுகையை அவள் பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளே போய் ஒரு தட்டில் சோறு போட்டு நெத்திலிக் குழம்பு ஊற்றிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "பேச்செல்லாம் அப்பால. மொதல்ல கை நனை" என்றாள்.

பகை உள்ள வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்கள். கை நனைத்துவிட்டால் பகை முடிந்தது என்று கணக்கு. அது எனக்கும் தெரியும். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்து நின்றார்கள். அண்ணி கதவோரமாக நின்று பார்த்தாள். அந்தச் சோற்றை நான் கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டேன். காரத்தில் மூக்கு ஒழுகியது. யாரும் சிரிக்கவில்லை. கை கழுவ அண்ணிதான் தண்ணீர் ஊற்றினாள்.

"வரேன் பாப்பா" என்றாள். "அவரு மூஞ்சிக்கோசரம் இல்ல, உன் மூஞ்சிக்கோசரமும் இல்ல. அது என் வூடு, அதுக்கோசரம் வரேன். ஆனா ஒண்ணு. இனிமேட்டு உனுக்குப் போடுற சோத்துல மொத வாய் நான் துன்னுட்டுத்தான் உனுக்கு. நீ வோணாம்னு சொல்லக் கூடாது."

கோபத்தில் சொல்கிறாள், நாலு நாளில் மறந்துவிடுவாள் என்று நினைத்தேன். ஆறு வருடம் ஆகிறது. காலை இட்லியானாலும், நான் யார்டுக்கு எடுத்துப்போகிற டப்பாச் சாதமானாலும், என் கண் முன்னால் ஒரு வாய் எடுத்து உண்பாள், விழுங்குவாள், பிறகு என் பக்கம் நகர்த்துவாள். முகத்தில் கோபம் இருக்காது, குத்தலும் இருக்காது. சாமி கும்பிடுவது மாதிரி, மறக்காமல் செய்கிற ஒரு காரியம். காபியையும் ஒரு மிடறு குடித்துவிட்டுத்தான் தருவாள். கிறிஸ்துமஸ் விருந்துக்கு வந்த உறவுக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, "நாத்தனாருக்கு உப்பு ஒறப்பு பாத்துப் பாத்துக் குடுக்குறா, இந்தக் காலத்துல எவ செய்வா" என்று மெச்சினார்கள். அண்ணன் சட்டென்று எழுந்து வெளியே போய்விட்டான். நான் பிரியாணியை மென்றுகொண்டிருந்தேன். போதும் அண்ணி என்று எத்தனையோ தடவை சொல்ல நினைத்திருக்கிறேன். வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்றுதானே ஒப்புக்கொண்டு கூட்டி வந்தேன். ஒரு நாள் மட்டும் அவளை முந்திக்கொண்டு அவசரமாக ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டேன். அடுத்த வேளையிலிருந்து சமையலறையிலிருந்து கிளம்பும்போதே தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தபடியே உண்டுகொண்டு வந்தாள்.

இப்போது அவளுக்குப் பின்னறை போதவில்லை. போனில் படம் பார்த்துவிட்டு எங்கெங்கிருந்தோ கேட்கிறார்கள். கூடம் முழுக்க அட்டையும் குழல்களுமாகக் கிடக்கின்றன. மாடியில் என் அறைக்கு வெளியேயும் நாலைந்து வீடுகள் காய்கின்றன. மயில்துத்தப் பாட்டில் ஒளிந்திருக்கவில்லை. சமையலறை ஜன்னலில், எல்லோரும் பார்க்கிற இடத்தில், பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டி வைத்திருக்கிறாள். வெயில் படும்போது சுவரில் ஒரு நீலத் திட்டு விழும். நான் மடிப்புக் கோடு இழுத்துக் கொடுக்கிறேன், பிசிறில்லாமல் வர இன்னும் பழகவில்லை. நாங்கள் நன்றாகத்தான் பேசிக்கொள்கிறோம். பார்க்கிறவர்கள் அக்கா தங்கை என்பார்கள்.

போன வாரம் எனக்கு லீவாக இருந்த ஒரு நாள் அவளுக்கு அவசர வேலை. மறுநாள் காலையில் கொடுத்தாக வேண்டிய ஒரு வீட்டில் கூரை ஒட்டாமல் கிடந்தது. பசை ஆறிவிடும் என்று பதறிக்கொண்டே எனக்கு மதியச் சாப்பாடு போட்டுத் தட்டை வைத்துவிட்டுக் கூடத்துக்கு ஓடினாள். அன்றைக்கு அவள் முதல் வாய் உண்ணவில்லை. மறந்துவிட்டாள். ஆறு வருடத்தில் முதல் தடவை. நான் எதற்காக இத்தனை நாள் காத்திருந்தேனோ அது வந்துவிட்டது என்று எனக்குப் புரியவே கொஞ்சம் நேரம் ஆனது. சோற்றைப் பிசையக் கை வைத்தேன். பிசையவில்லை. கை அப்படியே நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், அது சந்தேகமில்லை. அவள் உண்ட பிறகு உண்டு உண்டு கை அப்படிப் பழகிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் ஒரு கணம் நின்றது.

அதே கணத்தில் கத்தரிக்கோலை எடுக்க அண்ணி திரும்பி வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தாள். "இல்ல அண்ணி, நான் சும்மா..." என்று தொடங்கினேன். அவள் பசை ஒட்டிய விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அது போதாது என்று பட்டது போல, குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தாள். என் பக்கத்தில் குத்துக்கால் இட்டு உட்கார்ந்து, தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்து உண்டு, விழுங்கினாள்.

"மறந்துட்டேன் பாப்பா" என்றாள், தப்புச் செய்தவள் அவள்தான் என்பது மாதிரி.